அட்டைக்கு ஏற்ற நூல்

சென்ற பொங்கல் விழாவின்போது நம் சங்கக் கூடத்தின் மூலையில் ஒரு மேஜை போட்டு, நூலால் தைத்த வாழ்த்து அட்டைகள் சிலவற்றை வைத்திருந்தேன். பார்த்தவர்களில் பாதிப் பேர், "இது உங்க வீட்டம்மா செய்ததா சார்?" என்று கேட்டார்கள். மீதிப் பேர், "என்ன நூல் இது, எங்கே வாங்கினீங்க?" என்றார்கள். முதல் கேள்விக்குப் பதில்: பாதி ஆமாம், பாதி இல்லை. இரண்டாவது கேள்விக்குக் கையில் பொங்கல் தொன்னையோடு நின்றபடி பதில் சொல்ல முடியவில்லை. எழுதித் தாருங்கள் என்றார்கள் மலர்க் குழுவினர். எழுதுகிறேன்.

நான் சிவில் டிப்ளமோ படித்துவிட்டு 1979-ல் ஒரு டிரங்குப் பெட்டியோடு வடக்கே வந்தவன். ரயில்வேயில் பாதைப் பிரிவு. தண்டவாளம், ஸ்லீப்பர், ஜல்லி இவற்றோடு 39 வருடம் ஓடியது. ஊசியில் நூல் கோத்தது 2018-ல் ஓய்வு பெற்ற பிறகுதான். அதற்குக் காரணம் ஒரு பிஸ்கட் டப்பா.

என் மனைவி குவார்ட்டர்ஸ் வாழ்க்கை முழுவதும் பூத்தையல் போட்டவள். நான் இரவு ரோந்து போன நாட்களில் அவளுக்குத் துணை அந்தத் தையல் சட்டம்தான். தலையணை உறை, மேஜை விரிப்பு, மகளின் பாவாடை, யார் வீட்டுக் குழந்தைக்கோ சட்டை. 2015 வாக்கில் விரல் மூட்டுகள் வீங்கத் தொடங்கின. முடக்குவாதம் என்றார் டாக்டர். ஊசியை இரண்டு விரலால் பிடிப்பதே அவளுக்கு வேதனை ஆகிவிட்டது. டப்பா நிறைய நூல் அப்படியே கிடந்தது. அதைத் திறப்பாள், தடவுவாள், மூடுவாள். நான் வேலையில் இருந்தவரை இதைக் கவனிக்கவில்லை. வீட்டில் உட்கார்ந்த பிறகு கண்ணில் பட்டது.

துணியில் அவள் போட்ட அழகுக்கு என் கை வராது. ஆனால் அட்டையில் அளந்து துளை போட்டு, துளைக்குத் துளை நேர்கோடாக நூல் இழுப்பது என் புத்திக்கு எட்டிய வேலை. இரண்டு கோடுகளில் சம இடைவெளியில் துளைகளிட்டு, ஒன்றின் முதல் துளையை மற்றதன் கடைசித் துளையோடும், இரண்டாவதைக் கடைசிக்கு முந்தியதோடும் இணைத்துக்கொண்டே போனால், எல்லாம் நேர்கோடாக இருந்தும் நடுவில் ஒரு வளைவு பிறக்கும். பாலிடெக்னிக்கில் டிராயிங் வகுப்பில் பரவளையம் வரைந்த அதே முறைதான். இதை நூலும் அட்டையும் கொண்டு குழந்தைகளுக்குக் கணிதம் உணர்த்தப் பயன்படுத்தியவர் மேரி எவரெஸ்ட் பூல் (1832-1916) என்ற ஆங்கிலேய அம்மையார். நம் நாட்டில் சர்வேயர் ஜெனரலாக இருந்து, சிகரத்துக்குப் பெயர் தந்த ஜார்ஜ் எவரெஸ்ட், இவருக்குப் பெரியப்பா-சித்தப்பா முறை. நிலத்தை அளந்த வீட்டுப் பெண் நூலால் வளைவு போட்டிருக்கிறார் என்றால் எனக்கும் கொஞ்சம் உரிமை உண்டு என்று வைத்துக்கொண்டேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். துணியில் ஊசி குத்தினால் இழைகள் விலகி வழிவிடும். பிரித்துவிட்டால் திரும்பக் கூடிக்கொள்ளும். அட்டையில் போட்ட துளை போட்டதுதான். தண்டவாளத்தில் ஃபிஷ் பிளேட் போல்ட்டுக்குத் துளை போடுகிறோமே, விரிசல் பெரும்பாலும் அந்தத் துளையின் ஓரத்திலிருந்துதான் கிளம்பும். அதனால்தான் துளையின் விளிம்பைச் சற்றே சாய்த்துப் பதப்படுத்துவார்கள். அட்டையிலும் அதே கதை. தடித்த நூலைச் சின்னத் துளையில் இழுத்தால் துளை கிழியும். துளைகள் நெருங்கினால் தபால்தலை ஓரம் மாதிரி வரிசையாகப் பிய்ந்து வரும். ஆகவே நூலைத் தீர்மானித்த பிறகே துளையைத் தீர்மானிக்க வேண்டும். முதலில் துளை போட்டுவிட்டு அப்புறம் நூல் தேடுவது, பாலம் கட்டிவிட்டு ஆற்றைத் தேடுவது போல.

அட்டைக்கு நான் 250 ஜி.எஸ்.எம். ஐவரி கார்டு வாங்குகிறேன். 160-க்குக் கீழே போனால் நூலின் இழுவிசை தாங்காமல் தாள் குழியும். சாங்கானேர் கைத்தாள் பார்வைக்கு அழகு, நார் நீளமானதால் எளிதில் கிழியாது. ஆனால் துளையின் ஓரம் பிசிறடிக்கும். இங்கே டில்லியில் உள்ளவர்களுக்கு வசதி அதிகம். சாவ்ரி பஜாரில் தாள் வாங்கிக்கொண்டு நடந்தே கினாரி பஜார் போனால் நூல் கிடைக்கும். மற்ற ஊர்க்காரர்களுக்கும் தாள் கடைத் தெருவும் ஜரிகைக் கடைத் தெருவும் எங்காவது இருக்கவே செய்யும்.

நூலில் எல்லோருக்கும் தெரிந்தது ஆறு இழைப் பருத்தி நூல். கடையில் லச்சி என்று கேட்டால் தருவார்கள். ஒரு லச்சி 8 மீட்டர். பல ஆண்டுகளாக மதுரா கோட்ஸ் பெயரைத் தாங்கி வந்த ஆங்கர் நூல்தான் நம் வீடுகளில் புழங்கியது. எனக்கு அந்தப் பெயரில் தனிப் பாசம். நான் பிறந்தது விக்கிரமசிங்கபுரம். பாபநாசம் அருவித் தண்ணீரில் சக்கரம் சுற்றிய ஹார்வி மில்லில் என் அப்பா நூற்புப் பிரிவில் இருந்தார். அந்த மில்தான் பின்னாளில் மதுரா கோட்ஸ் ஆனது. சின்ன வயதில் அப்பா சொல்லித் தந்த கணக்கு இது: 840 கஜம் நீளமுள்ள சிட்டம் எத்தனை சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை வருமோ, அதுதான் நூலின் நம்பர். நம்பர் ஏறினால் நூல் மெலிசு. ஆறாக, ஐந்தாகப் பிரிக்க முடியாத, முறுக்கிய பேர்ல் காட்டன் உருண்டைகளிலும் 5, 8, 12 என்று போட்டிருப்பது இதே போக்குதான். 5 தடிமன், 12 மெலிசு. நம்பர் பெரிதாக இருக்கிறதே, உறுதியாக இருக்கும் என்று நினைத்து 12 வாங்கி வந்து ஏமாந்தவர்களை எனக்குத் தெரியும்.

பருத்தி நூலுக்கு அந்த மினுமினுப்பு எப்படி வந்தது? ஜான் மெர்சர் என்ற இங்கிலாந்துக்காரர் பருத்தியைக் காஸ்டிக் சோடாவில் பதப்படுத்தும் முறைக்கு 1850-ல் காப்புரிமை வாங்கினார். 1890 வாக்கில் ஹோரேஸ் லோ என்பவர், நூலைச் சுருங்க விடாமல் இழுத்துப் பிடித்துக்கொண்டே அதைச் செய்தால் பளபளப்பு வரும் என்று கண்டார். உறையில் மெர்சரைஸ்டு என்று இருந்தால் அதுதான். துணியில் தையல் குட்டைக் குட்டையாக விழுவதால் நூலின் குறை தெரியாது. அட்டையில் ஒரே இழை 5, 8 சென்டிமீட்டர் பிடிமானமில்லாமல் படுத்திருக்கும். பிசிறு, முடிச்சு, முறுக்குத் தளர்ச்சி எல்லாம் பளிச்சென்று தெரியும். அதனால் அட்டைக்கு மெர்சரைஸ்டு நூலே மேல்.

ரேயான் நூல் இதைவிட மினுக்கும். கடைக்காரர் 'ரேஷம்' என்று சொல்லி விற்பார். பட்டு என்று நாம் நினைத்துக்கொள்வோம். ஒரு துண்டைக் கொளுத்திப் பாருங்கள். பட்டானால் முடி கருகும் நாற்றம் வரும். ரேயான் காகிதம்போல எரிந்து சாம்பலாகும். பாலியஸ்டர் உருகி மணியாகத் திரளும். ரேயான் ஈரம்பட்டால் வலுவிழக்கும், நெகிழும். மே மாத வெயிலில் வீணைத் தந்தி மாதிரி இழுத்துக் கட்டியது ஆகஸ்ட் மழையில் தொங்கியது எனக்கு. பருத்திக்கு அந்தக் குணம் இல்லை. நனைந்தால் அதன் வலு சற்றே கூடும். தங்க நிற ஜரிகை நூல் பெரும்பாலும் உள் நூலைச் சுற்றிய பிளாஸ்டிக் படலம். துளையில் நாலு தடவை உரசினால் படலம் உரியும். அதை ஓரிரு கோட்டுக்கு மட்டும், 30 சென்டிமீட்டர் துண்டாக வெட்டி, துளையையும் சற்றுப் பெரிதாக்கி வைத்துக்கொள்கிறேன். அதன்மேல் சூடான இஸ்திரிப் பெட்டி வைக்கவே கூடாது.

இதெல்லாம் நான் சொந்தமாகக் கண்டுபிடித்தது போல எழுதிவிட்டேன். உண்மையில் பாதி அவள் சொன்னது. அதிலும் நான் கேட்காமல் விட்டது ஒன்று உண்டு.

2019 பிப்ரவரியில் மகள் கல்யாணம். அச்சடித்த பத்திரிகை தவிர, இரண்டு குடும்பத்துப் பெரியவர்கள் 12 பேருக்கு மட்டும் கையால் தைத்த பத்திரிகை கொடுப்பது என்று நானே முடிவு செய்தேன். 23 சென்டிமீட்டர் சதுர அட்டை. நான்கு மூலையிலும் பக்கத்துக்கு 20 துளை, 5 மில்லிமீட்டர் இடைவெளி, குங்குமச் சிவப்பில் வளைவு. நூல், பெயர் இல்லாத மலிவுச் சரக்கு. தெருவோரத்தில் கட்டாக வாங்கினேன். நிறம் கண்ணைப் பறித்தது.

அவள் ஒரு தடவை கேட்டாள், "நூல நனைச்சுப் பாத்தியளா?"

"பத்திரிகையைத் தண்ணியிலயா முக்கி எடுக்கப் போறோம்?" என்று சிரித்தேன்.

மூன்று வாரம் உட்கார்ந்து 12-ஐயும் தைத்து முடித்தேன். கல்யாண வேலைக்காக ஊரிலிருந்து என் அக்கா முன்கூட்டியே வந்திருந்தாள். அம்மா இறந்த பிறகு என்னை வளர்த்தவள். நான் வங்கிக்குப் போயிருந்த நேரத்தில், நல்ல நேரம் தப்பிவிடப் போகிறதே என்று, மஞ்சளைத் தண்ணீரில் குழைத்துப் பத்திரிகைகளுக்கு நாலு மூலையிலும் தடவிவிட்டாள். நம் வீட்டுப் பத்திரிகை எதற்கும் செய்வதுதானே! திரும்பி வந்து பார்த்தால் கட்டில் மேல் 12 அட்டையும் பரத்திக் கிடக்கின்றன. நாற்பத்தெட்டு மூலையிலும் சிவப்புச் சாயம் இறங்கி, மஞ்சளோடு கலந்து, வெள்ளை அட்டையில் புண்மாதிரி விரிந்திருக்கிறது.

நான் கத்திவிட்டேன். என்ன சொன்னேன் என்று எழுத வேண்டாம். அக்காவுக்கு அப்போது வயது 71. மஞ்சள் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "நான் கெடுத்துப்புட்டனா தம்பி?" என்றாள். அப்புறம் அந்த அறைக்குள்ளேயே வரவில்லை.

"மதினி மேல என்னத்துக்குக் கோவப்படுதிய?" என்றாள் என் மனைவி. "மஞ்ச தடவாத பத்திரிகைய யாருக்காவது குடுப்பாகளா? நனைச்சுப் பாக்கச் சொன்னேம்லா?"

பதில் இல்லை. நாற்பது வருடம் மற்றவர்கள் வேலையைச் சோதனை போட்ட ஆசாமி நான். ஒரு சாண் நூலை நனைத்துப் பார்க்கவில்லை.

அனுப்ப இன்னும் ஐந்து நாள் இருந்தது. அவள் பிஸ்கட் டப்பாவைத் திறந்தாள். அதில் மூன்று சிவப்பு. ஒவ்வொன்றிலும் ஒரு சாண் வெட்டி, நனைத்து, பழைய வெள்ளை வேட்டித் துண்டில் சுற்றி, மேலே இஸ்திரிப் பெட்டியை ஆறிய நிலையில் பாரமாக வைத்தாள். வெறும் தண்ணீரில் ஒன்று, மஞ்சள் தண்ணீரில் ஒன்று. காலையில் பிரித்தால் இரண்டு சிவப்பு வேட்டியில் தடம் பதித்திருந்தன. ஒன்று பதிக்கவில்லை. எப்போதோ வாங்கிய ஆங்கர் லச்சி அது. ஆனால் கையிருப்பு இரண்டரை லச்சிதான்.

காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டேன். ஒரு மூலைக்கு முன்பக்கக் கோடுகள் 20. கூட்டினால் ஏறக்குறைய 1.7 மீட்டர். பின்பக்கம் துளைக்குத் துளை தாவும் நூல் 10 சென்டிமீட்டர். தொடக்கம், முடிவு வால்களோடு 2 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் அட்டைக்கு 8 மீட்டர். முன்பு நான் தைத்தது இரட்டை இழையில். அப்படியானால் ஒரு லச்சியின் ஆறு இழைகளுக்குக் கிடைக்கும் 48 மீட்டரில் மூன்று அட்டைதான். 12-க்கு நாலு லச்சி வேண்டும். கடையில் போய் வாங்கலாம், ஆனால் அதே சாயத் தொகுதி அமையுமா என்பது நிச்சயமில்லை. இரண்டு சிவப்பு பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் காட்டிக் கொடுத்துவிடும்.

"ஒத்த இழையில தையுங்க" என்றாள். ஒற்றை இழையானால் லச்சிக்கு ஆறு அட்டை. இரண்டு லச்சியில் முடிந்துவிடும், அரை லச்சி மிச்சம்.

மெலிசாகத் தெரியாதா என்று நான் இழுத்தேன். தைத்துப் பார்த்தபோது, இரட்டை இழையைவிட வளைவு கூர்மையாக வந்தது. நூல் தடித்தால் கோடுகள் நெருங்கும் இடத்தில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடும், வளைவு மழுங்கும். இது அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

அந்த நாலு இரவும் வேலையை இப்படிப் பிரித்துக்கொண்டோம். அவள் நூலைப் பதப்படுத்துவாள், நான் தைப்பேன். இப்போதும் அதே ஏற்பாடுதான். முறையைச் சொல்கிறேன்.

நூலை 45 சென்டிமீட்டருக்கு மேல் வெட்டுவதில்லை. தாளில் வெண்மைக்காகச் சேர்க்கும் சுண்ணமும் களிமண்ணும் நூலை அரம்போல ராவும். நீள நூலின் வால் பக்கம், முறை வருமுன்பே நைந்திருக்கும். வெட்டிய நூலின் தலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, ஒரே ஒரு இழையை நேர் மேலாக உருவ வேண்டும். மற்ற ஐந்தும் கீழே சுருண்டு கூடும், விட்டால் நேராகிவிடும். இரண்டு இழை வேண்டுமென்றாலும் ஒவ்வொன்றாக உருவி, பிறகு சேர்த்து வைக்க வேண்டும். சேர்த்தே இழுத்தால் சிக்கு. அவள் விரல் மடங்காத நாட்களில், நூல் தலையை மேஜை விளிம்பில் துணி கிளிப்பால் கவ்வ வைத்து உருவுகிறாள். இந்த யோசனை அவளுடையது.

லச்சியில் மடிந்த தடம் நூலில் இருக்கும். ஈரப் பஞ்சால் ஒருதரம் நீவி, வெள்ளைத் துணிமேல் நீளவாக்கில் உலர விட்டால் போகும். சாயம் போகும் நூலை விட மனமில்லாவிட்டால், தண்ணீர் தெளியும்வரை அலசி, உலர்த்தி, மறுபடி சோதிக்கலாம். நான் அந்த வம்புக்குப் போவதில்லை. அதைத் துணிப்பை தைக்க ஒதுக்கிவிடுகிறேன். தேன்மெழுகு தடவும் வழக்கம் துணிக்கு நல்லது. அட்டைக்கு வேண்டாம். சூடு பட்டால் மெழுகு தாளில் இறங்கி எண்ணெய்க் கறை போல் நிற்கும்.

ஊசி மெலிசாக, காது சிறியதாக இருக்க வேண்டும். நான் 10-ஆம் நம்பர் வைத்திருக்கிறேன். காதின் அருகே நூல் இரண்டாக மடிந்து போகிறது என்பதை மறக்கக் கூடாது. இரட்டை இழை கோத்தால் துளை வழியே ஒரு கணம் நாலு இழை நுழைகிறது. பூ மாதிரி நடுத்துளையிலிருந்து பல கோடுகள் பிரியும் வடிவமானால், அந்த நடுத்துளைக்கு ஒற்றை இழை தவிர வேறு எதுவும் கட்டுபடியாகாது. துளையிட்ட பின் அட்டையின் பின்பக்கம் எழும்பும் பிசிறை ஸ்பூனின் முதுகால் தேய்த்து அமுக்கிவிடுவேன். தண்டவாளத் துளைக்குச் செய்தது மாதிரித்தான். முடிச்சுப் போடுவதில்லை, முன்பக்கம் புடைக்கும். வாலை அரை அங்குலம் விட்டுப் பின்னால் காகித டேப்பால் ஒட்டுகிறேன். பசையின் ஈரம்கூட நல்ல நூலுக்கு ஆகாத சமயம் உண்டு. மேல்தாள் ஒட்ட இரட்டைப் பக்க டேப்பே போதும்.

நாலாவது இரவு 12-ஆவது அட்டை முடிந்தது. மறுநாள் காலை என் மனைவி மஞ்சள் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அக்கா இருந்த அறைக்குப் போனாள். "மதினி, நீங்கதான் தடவணும்" என்றாள். அக்கா என்னைப் பார்த்தாள். "தடவு அக்கா" என்றேன். அதற்குமேல் அப்போது எனக்குச் சொல்ல வரவில்லை; மன்னிப்பை அன்று ராத்திரி சாப்பிடும்போது கேட்டேன். அவள் முதல் அட்டையின் மூலையில் ஒற்றை விரலால் பட்டும்படாமல் தொட்டாள். மூவரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். மஞ்சள் மஞ்சளாகவே காய்ந்தது. சிவப்பு அசையவில்லை. அப்புறம் வழக்கம்போலத் தாராளமாகவே தடவினாள்.

கெட்டுப்போன அட்டைகளை நான் கிழித்துப் போட்டேன். ஒன்றை மட்டும் என் மனைவி விடவில்லை. பிஸ்கட் டப்பாவின் மூடிக்குள் அது ஒட்டியிருக்கிறது. நான் நூல் வாங்கப் பையை எடுக்கும்போதெல்லாம் டப்பாவைத் திறந்து, ஒன்றும் பேசாமல், மூடியை என் பக்கம் திருப்பி வைக்கிறாள்.